காயாத மேஜை

பாலிஷ்காரர் செத்துக் கிடந்த அறையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. குண்டூசிக்கு அதுதான் எரிச்சல். கொலை நடந்த இடம் என்றால் கவிழ்ந்த நாற்காலியாவது, உடைந்த கண்ணாடியாவது இருக்க வேண்டாமா? இங்கே நாலு சுவர், தரையெங்கும் மரத்துக்கு அடிக்கிற லேக்கர் காய்ந்த சொட்டு, மேலே காற்றை வெளியே தள்ளுகிற ஒரு விசிறி. அவ்வளவுதான்.

“காலி அறைக்கு இவ்வளவு நேரமா அத்தை? வாடகைக்கு எடுக்கப் போறோமா?” என்றான்.

அத்தை காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குண்டூசியின் அப்பாவுக்குத் தங்கை அவள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்து, ஓய்வு பெற்றதும் அதே மூக்கைச் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிக்கொண்டவள். உடம்பு ஒல்லி, வாய் கூர்மை என்பதால் குண்டூசி என்று பெயர் வாங்கிய அண்ணன் மகன் அவளுக்கு உதவியாள். சம்பளம் குறைவு, திட்டு தாராளம்.

போலீஸ் சொல்லும் கதை சுருக்கமானது. அன்று மரப் பட்டறைக்கு விடுமுறை. பாலிஷ்காரர் மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். மனைவி வந்தாள். வாய்ச்சண்டை முற்றியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இந்த அறைக்குள் போக, கொஞ்ச நேரம் உள்ளேயே கிடக்கட்டும் என்று அவள் வெளித் தாழைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அறை முழுக்கத் தின்னர் ஆவி. சாயங்காலம் அவருடைய தம்பி வந்து பார்த்தபோது தாழ் போட்டபடி இருந்தது, விசிறி ஓடவில்லை, உள்ளே அண்ணன் பிணமாகக் கிடந்தார். தாழைப் போட்டது நான்தான் என்று மனைவியே ஒப்புக்கொண்டாள். போலீசுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஆத்திரம் அடங்கியதும் திறந்துவிடப் பின்பக்க வழியாகத் திரும்பி வந்தாளாம். தாழ் ஏற்கெனவே விலகியிருந்ததாம், விசிறி ஓடிக்கொண்டிருந்ததாம், மூடின கதவுக்குள்ளிருந்து மரத்தைத் தேய்க்கிற சத்தம் கேட்டதாம். மனுஷன் வேலையில் இறங்கிவிட்டார் என்று வீட்டுக்குப் போய்விட்டாளாம். இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். காலி அறையில் எதைத் தேய்ப்பார், சுவரையா என்று கேட்டார். அவளுடைய வக்கீல்கூட அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் விசாரணை. ஆயுள் தண்டனையோடு தப்பித்தாலே பெரிய விஷயம் என்ற நிலையில்தான் அவளுடைய அக்கா, அத்தையைத் தேடி வந்தாள்.

அத்தை பிடித்துக்கொண்டது அந்தச் சத்தத்தை மட்டும்தான். பொய் சொல்பவள் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பாள் என்பது அவள் கட்சி.

தம்பி வாசலில் பணிவாக நின்றிருந்தான். படிய வாரிய தலை, துடைத்த செருப்பு. அந்தப் பட்டறையில் தூசி படாத ஒரே பொருள் அவன்தான். அண்ணன் போனபிறகு பட்டறை முழுக்க அவன் கையில். எது கேட்டாலும் விளக்கமாகப் பதில் சொன்னான். விசிறியின் சுவிட்ச் ஏன் வெளியே தாழுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அத்தை கேட்டபோது, உள்ளே வைத்தால் ஒரு பொறி போதும், ஆவியோடு அறையே பற்றிக்கொள்ளும் என்றான். அன்றைக்கு அதை யார் அணைத்தது என்று கேட்டாள்.

“அண்ணனாத்தான் இருக்கும். அண்ணி தாழ் போட்டப்பவே ஓடலைன்னு சொன்னாங்களே. லேக்கர் அடிச்ச உடனே அவர் விசிறியை நிறுத்திடுவார். ஓடினா தூசி கிளம்பி ஈரத்துல ஒட்டிக்கும்.”

“அப்படின்னா அன்னிக்கு எது ஈரமா இருந்தது?”

தம்பி படிய வாரிய தலையை ஒருமுறை தடவிக்கொண்டான். ஒன்றும் இல்லை, வெறும் பழக்கதோஷம், ஸ்ப்ரே கன்னைக் கழுவத்தான் உள்ளே போயிருப்பார் என்று சமாளித்தான். பிறகு பேச்சை மாற்ற, அண்ணனின் கெடுபிடிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். லேக்கர் தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்குமாம், அடியில் ஈரம் இருக்குமாம். அண்ணன் மறைவான மூலையில் நகத்தால் அழுத்திப் பார்ப்பார், குனிந்து மோந்து பார்ப்பார். வாசனை அடியோடு போகிற வரைக்கும் பளபளப்பு ஏற்ற விடமாட்டார். வாடிக்கைக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் அசைய மாட்டாராம்.

“ஒரு தடவை நான் அவசரப்பட்டுத் தேய்க்கிற துணியை எடுத்துட்டேன். எல்லார் முன்னாடியும் கட்டையால கையில போட்டார். அண்ணன் இல்லையா, அடிக்கலாம்” என்று சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. குண்டூசி அதைக் கவனித்தான்.

அந்த நேரம் பார்த்து முன்கடையில் ஒரு பெண் குரல் ஊரைக் கூட்டியது. பக்கத்துத் தெருப் பல் டாக்டரின் மனைவி. தன் சாப்பாட்டு மேஜையில் கை முளைத்திருக்கிறது என்றாள். முதலில் லேசாகப் பள்ளம் மாதிரி தெரிந்ததாம், இப்போது ஐந்து விரலும் எண்ணலாமாம். “எட்டுப் பேர் சாப்பிடற மேஜைக்குத்தான் காசு குடுத்தேன். ஒன்பதாவதா ஒரு ஆள் கையை நீட்டிக்கிட்டிருக்கு” என்றாள்.

தம்பி அவளை முடிக்க விடவில்லை. இன்றைக்கே வருகிறேன், நானே வருகிறேன், ஒரு பைசா வேண்டாம், தேய்த்தால் போய்விடும், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று பொழிந்து தள்ளினான். குண்டூசி அத்தையின் காதோரம் குனிந்தான்.

“நாம உட்கார்ந்த ஸ்டூலுக்கே வாடகை கேக்கிற மூஞ்சி இது. இலவசமாம்.”

அத்தை அதற்குள் டாக்டர் மனைவியின் பக்கத்தில் போய், நாங்களும் அந்தப் பக்கம்தான் போகிறோம், வண்டியில் விட்டுவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போகிற வழியில் யாருக்கோ போன் போட்டு, பல்வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே டாக்டர் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய பல்லையோ குடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேஜை கூடத்தின் நடுவில் கிடந்தது. நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் மனைவி சொன்னபடி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தபோதுதான் குண்டூசிக்கு அது தெரிந்தது. விரிந்த ஒரு கை. விரல்கள் மேஜையின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இழுபட்டுக்கொண்டே வந்து, விளிம்பில் முடிந்தன. மோதிர விரல் பாதிதான் இருந்தது. பாலிஷ்காரரின் மோதிர விரலில் பாதியை எந்தக் காலத்திலோ ரம்பம் எடுத்துக்கொண்டது என்பது போலீஸ் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

மேஜை என்றைக்கு வந்தது என்று அத்தை கேட்டாள். டாக்டர் மனைவிக்கு அது மறக்காது, ஏனென்றால் அன்று அவர்களுடைய கல்யாண நாள். விருந்தாளிகள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தம்பி வேனில் கொண்டுவந்து இறக்கினான். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஆனால் நாற்றம் தாங்கவில்லை. பாதிப் பேருக்குத் தலைவலி. தட்டுக்கு அடியில் போட்ட பின்னல் விரிப்பைச் சாப்பாடு முடிந்து எடுத்தால், பின்னல் அப்படியே மேஜையில் பதிந்திருந்தது. மறுநாளே சண்டைக்குப் போயிருப்பாளாம். அதற்குள் பாலிஷ்காரர் செத்த செய்தி வந்துவிட்டதால், போனால் நன்றாக இருக்காது என்று ரெண்டு மாசம் பொறுத்தாளாம்.

“அவர் செத்த அன்னிக்கு சாயங்காலம் இது இங்க வந்திருக்கு” என்றாள் அத்தை. “அதாவது செத்த அறையிலேருந்து நேரா விருந்துக்கு.”

டாக்டர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மேஜையில் இரண்டு மாதமாக மூன்று வேளையும் சாப்பிட்டதை அவள் மனசுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

அத்தை குண்டூசிக்கு விளக்கினாள். ஈர லேக்கரில் கை பதிந்தால் பள்ளம் விழும். காய்வதற்குள் பளபளப்பு ஏற்றுகிற பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்த்தால் இளகின லேக்கர் இழுபட்டுப் பள்ளத்தை மூடும், பளபளப்பும் ஏறும். பார்ப்பவனுக்குப் புது மேஜை. ஆனால் அடியில் இருக்கிற ஈரம் மெதுவாக வெளியேறி லேக்கர் சுருங்கும்போது, மூடின பள்ளம் திரும்பவும் கண்ணைத் திறக்கும். அதனால்தான் பாலிஷ்காரர் அத்தனை கெடுபிடி செய்தார்.

“அப்போ அவரே கை வச்சு அவரே தேய்ச்சார்னு தம்பி சொல்லிடுவானே?”

“சொல்லுவான். அதுக்குத்தான் உன்னை ஒல்லியாப் பெத்திருக்காங்க. கீழ போ. மேஜையோட மேல்பக்கத்தைத்தான் எல்லாரும் துடைப்பாங்க.”

குண்டூசி மேஜைக்கு அடியில் நுழைந்து மல்லாக்கப் படுத்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். விளிம்பைத் தாண்டி வழிந்த பாலிஷ் பேஸ்ட் அடிப்பக்கத்தில் வெள்ளையாகக் காய்ந்து போயிருந்தது. அந்த வெள்ளைக்குள் நாலு விரல் அழுந்தியிருந்தன. அதில் ஒன்று பாதி.

முதலில், மேஜையைத் தூக்கும்போது பிடித்திருப்பார் என்றுதான் நினைத்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், சொல்லாமல் தன் கையை அந்த விரல்களின் மேல் வைத்துப் பார்த்தான். வெளியே நிற்பவன் மேஜையைப் பிடித்தால் விரல்நுனி உள்பக்கம் பார்க்கும். இந்த விரல்கள் வெளிப்பக்கம் பார்த்தன. எப்படித் திருப்பி வைத்தாலும் அவன் கை பொருந்தியது ஒரே ஒரு நிலையில்தான். அடியில் மல்லாக்கக் கிடந்து, எழுந்திருக்க வழி தேடி, விளிம்பை உள்ளிருந்து பிடித்தால் மட்டும். செத்தவர் கிடந்த மாதிரியே தான் கிடப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் வெளியே வந்தபோது அத்தை முகத்தைப் பார்த்தாள். ஏதாவது நக்கல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“பேஸ்ட் வழிஞ்சதுக்கு அப்புறம் பிடிச்சிருக்கார் அத்தை. தேய்ச்சுக்கிட்டிருக்கும்போது அவர் உயிரோட கீழ கிடந்திருக்கார்.”

தம்பி வந்தபோது கையில் துணி மூட்டையும் பேஸ்ட் டப்பாவும் இருந்தன. அத்தையைப் பார்த்ததும் தயங்கினான். அத்தை அவனை மரியாதையாக உட்காரச் சொல்லி, வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்தக் கை யாருடையது என்று மட்டும் சொல்லச் சொன்னாள். பாதி விரலைப் பார்த்தபிறகு மறுக்க முடியாது. அண்ணனுடையதுதான் என்றான். காலையில் தெரியாமல் கை வைத்திருப்பார், அவரே தேய்த்துச் சரி பண்ணியிருப்பார், நான் காலையிலேயே மேஜையை முற்றத்துக்கு எடுத்து வந்துவிட்டேன், அப்புறம் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்றான். போலீசிடம் மேஜையைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றான்.

“காயாததைத் தொட்டதுக்கு உங்க கையில கட்டையால போட்டவர், தானே காயறதுக்கு முன்னாடி தேய்ச்சாரா?”

“மனுஷன்தானே. அவசரம்.”

“சரி. மேல தேய்ச்சது அவர். அதே நேரத்துல கீழ மல்லாக்கக் கிடந்து விளிம்பைப் பிடிச்சதும் அவர். எப்படின்னு குனிஞ்சு பார்த்துச் சொல்லுங்க.”

தம்பி குனிந்தான். பிறகு முழங்காலிட்டுத் தலையை உள்ளே விட்டான். அவனுடைய துடைத்த செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குடைகிற சத்தம் நின்றது. அவன் வெளியே வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்தே பேச ஆரம்பித்தான்.

தாழைத் திறந்தபோது அண்ணன் தரையில் கிடந்தார், மூச்சு இருந்தது என்றான். விழும்போது ஊன்றிய கை மேஜையில் இழுபட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் மேஜை போயாக வேண்டும், வேன் வாசலில் நின்றது. விசிறியைப் போட்டான், வேன்காரன் எட்டிப் பார்க்காமல் இருக்கக் கதவைச் சாத்தினான், தேய்க்க ஆரம்பித்தான்.

“வழியில கிடந்தார். காலால தள்ளி அடியில விட்டேன்.” வெளியே தெரிந்த செருப்பும் உள்ளே இழுத்துக்கொண்டது. “காத்து வந்ததும் அவருக்குக் கொஞ்சம் நினைவு வந்துச்சு. விளிம்பைப் பிடிச்சார். என்னமோ சொன்னார்.”

“என்ன சொன்னார்?”

“தேய்க்காதேன்னு சொன்னார்.”

டாக்டர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எழுந்திருந்தா மேஜையை அனுப்ப விட்டிருக்க மாட்டார். முழுசாச் சுரண்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சிருப்பார். அவர் அப்படித்தான். எத்தனை வருஷம் நான் வாசல்ல நின்னு வாடிக்கைக்காரங்ககிட்ட பொய் சொல்றது? அவர் காயணும் காயணும்னு உட்கார்ந்திருப்பார், திட்டு எனக்கு.”

“அதனால விசிறியை நிறுத்திட்டு, மேஜையை வெளியே தள்ளிட்டு, மறுபடியும் தாழைப் போட்டீங்க.”

“தாழ் போட்டது அண்ணிதான்” என்றான் அடியிலிருந்து, சின்னப் பையன் மாதிரி. “முதல்ல போட்டது அவங்கதானே. நான் இருந்த மாதிரியே வச்சேன்.”

கிளினிக் கதவைத் திறந்துகொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். இத்தனை நேரமும் நோயாளிகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவர். அன்று சிரித்த சிரிப்பு முகத்தில் இல்லை. அவர் தம்பியின் காலைப் பிடித்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏற்றும்போது, அந்த மேஜையை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்களா என்று டாக்டர் மனைவி கேட்டாள். சாட்சியாக எடுத்துப் போவோம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும், காசு திரும்ப வருமா என்றும் கேட்டாள். குண்டூசிக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது.

மறுநாள் சிறைக்குப் போனார்கள். பாலிஷ்காரர் மனைவியின் அக்கா வெளியே மாற்றுத்துணியோடு நின்றிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. கொலைக் குற்றத்தை எடுத்துவிடுவார்கள், சாயங்காலத்துக்குள் ஜாமீன். சந்தோஷமான செய்தியோடு போகிறோம் என்றுதான் குண்டூசியும் நினைத்திருந்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பாலிஷ்காரரின் மனைவி நின்றுகொண்டே கேட்டாள். அத்தை ஒன்றையும் விடவில்லை. மேஜை, கை, அடியில் இருந்த விரல்கள், கடைசியாக அவர் சொன்னது. அவள் அழவில்லை. தன்னால் அவர் சாகவில்லை என்பது புரிய அவளுக்கு நேரம் பிடித்தது. புரிந்தபோது ஒரு மூச்சு விட்டாள். அதற்கடுத்த மூச்சில் இன்னொன்றும் புரிந்துவிட்டது. குண்டூசிக்கு அது தெரிந்தது. அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

“நான் திரும்பி வந்தப்போ அவர் உயிரோட இருந்தாரா?”

“இருந்தார்.”

“கதவைத் தள்ளியிருந்தா?”

குண்டூசி அத்தையின் முழங்கையைத் தொட்டான். பொய் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினான். ஒரு பொய், ஒரே ஒரு பொய்.

“பிழைச்சிருப்பார்” என்றாள் அத்தை. “இதை உன்கிட்ட கொழுந்தனோட வக்கீல் கோர்ட்டுல நாலு பேர் முன்னாடி கேப்பான்மா. அங்க வச்சு முதல் தடவையா நீ இதைக் கேக்கக் கூடாது.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்தப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில்தான் கழிந்தது. சத்தம் கேட்டே என்ன மரம், எந்த வேலை என்று சொல்வாளாம். அதை அவள் இப்போது பெருமையாகச் சொல்லவில்லை.

“அவர் மெதுவாத்தான் தேய்ப்பார். தூங்கற குழந்தையைத் தட்டற மாதிரி இருக்கும். அன்னிக்கு வேகமா கேட்டுச்சு. பறபறன்னு. இது அவர் கையே இல்லையேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கதவு வரைக்கும் கையைக் கொண்டுபோனேன்.”

காவல்காரி நேரமாகிவிட்டது என்றாள். அவள் கம்பியை விடவில்லை.

“என் மேல இருக்கிற கோபத்தைத்தான் மரத்துல காட்டறார்னு நினைச்சு, கூப்பிடாம வந்துட்டேன்.”